இசுருமுனியாவில் பாஷை பாய்

உலகத்தில் பாஷை பாய்க்குத் தெரியாத மொழி ஒன்றே ஒன்றுதான் உண்டு. எதிரில் நிற்பவர் எந்த மொழியில் பேசுகிறாரோ, அந்த மொழி.

மற்ற மொழிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கத்தில் மலையாளிகள் யாரும் இல்லாத நேரத்தில் அவர் பேசும் மலையாளத்தைக் கேட்டால், ஆள் பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவர் என்றே நினைப்பீர்கள். இந்தி பேசுகிறவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் இந்தி வெள்ளமாக வரும். அரபியும் ஜப்பான் மொழியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோவையில் அந்த இரண்டையும் சரிபார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம் அல்லவா?

டவுன்ஹால் பக்கம் நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸின் மாடிப்படிக்குக் கீழே அவருடைய பை ரிப்பேர் கடை. ஜிப் மாற்றுவார், சூட்கேஸுக்குச் சக்கரம் போடுவார், அறுந்த கைப்பிடியைத் தைப்பார். கைவேலை அத்தனை சுத்தம். ரிப்பேருக்கு வரும் வெளிநாட்டுப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் படித்துப் படித்துத்தான் தனக்கு இத்தனை பாஷை வந்தது என்பார். பெட்டிச் சீட்டில் ஊர் பெயர்தானே இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊரு பேரு வந்துருச்சுன்னா பாஷை தானா பின்னால வருமுங்க அம்மணி" என்றார்.

கல்லூரியில் படிக்கும் வடநாட்டுப் பையன் ஒருவன் முதுகில் மாட்டும் பையைக் கொண்டுவந்து, ஜிப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று இந்தியில் சொன்னான். பாய் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் வந்து பார்த்தால் ஜிப் அதே கிழிசலோடு இருக்கிறது, பையின் அடியில் நான்கு சக்கரங்கள் பளபளக்கின்றன. பையன் கொஞ்ச நேரம் பையைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பாயைப் பார்த்தான். பிறகு அதை உருட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் அவனுடைய நண்பர்கள் தங்கள் பைகளோடு வந்து, சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, அதேபோல் வேண்டும் என்றார்கள். பாய் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, அவனுக்கு என்ன வேணும்னு அவனுக்கே தெரியல. நாந்தான் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

இன்னொரு நாள் ஒரு வெள்ளைக்காரர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்டார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள், கைகுலுக்கினார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் உக்கடம் மீன் மார்க்கெட்டில் அதே வெள்ளைக்காரர் ஒரு பெரிய மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நிற்பதைப் பார்த்தேன். அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் முதலாளி இலங்கைக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பினார்.

அது எங்கள் ஆபீஸின் முதல் வெளிநாட்டுச் சுற்றுலா. ஒரு வேன் நிறைய ஆட்கள், உடுமலைப்பேட்டையும் காரமடையும் கலந்து. நான்தான் பொறுப்பாளர். ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி கிளம்புவதற்குச் சற்றுமுன் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, பாய் ஒரு பெட்டியைப் பார்த்து ஏதோ வேற்று மொழியில் திட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், உங்களுக்குச் சிங்களம் வருமா?"

"வருமாவா? சிங்களத்துலதானுங்க இப்பப் பேசிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான். ஹஜ்ஜுக்குப் போவதற்காக எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் அவரிடம் தயாராக இருந்தது.

திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று டமார் என்று ஒரு சத்தம். உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரரின் சூட்கேஸ் ஜிப் தெறித்து, உள்ளேயிருந்து தேங்காய்கள் உருண்டு ஓடின. உரித்த, குடுமி வைத்த, நல்ல பருமனான தேங்காய்கள். ஒன்று கவுண்டருக்கு அடியில் போனது. இன்னொன்றைத் தாண்டப்போய் ஒரு பைலட் தடுமாறினார்.

தோப்புக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமராவதித் தண்ணீர் பாயும் தென்னந்தோப்பு அவருடையது. முரட்டு மீசை, குறைந்த பேச்சு. மனைவி ருக்குமணி அம்மாவின் தொல்லை தாங்காமல்தான் கிளம்பி வந்திருந்தார்.

"ஏனுங்க, இலங்கையில தேங்கா கெடைக்காதுங்களா?" என்று பாய் கேட்டார்.

"கெடைக்கும். நம்ம தேங்கா கெடைக்குமா?" என்றார் தோப்புக்காரர்.

பாய்க்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. தேங்காய்களை எங்களைக் கொண்டுவந்த வேனிலேயே திருப்பி அனுப்பினோம். பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடுப்புப் பையிலிருந்து ஊசியும் நைலான் நூலும் எடுத்து அந்த சூட்கேஸைத் தைத்துக் கொடுத்தார். பிறகு பாதுகாப்புச் சோதனையில் அந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த அதிகாரிகளோடு பாய் இந்தியில் வாதாடினார். அவர்கள் இருவரும் தஞ்சாவூர்க்காரர்கள்.

கொழும்பில் இறங்கியதும் எங்களுக்காக ஒரு டிரைவர் காத்திருந்தார். அமைதியான மனிதர், வெள்ளைச் சட்டை. பாய் அவரிடம் சிங்களத்தில் முழங்கினார். டிரைவர் கண்ணை இரண்டு முறை சிமிட்டிவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

"வண்டி புதுசாம், நேத்துத்தான் எடுத்தாராம்" என்று பாய் மொழிபெயர்த்தார்.

போய்ப் பார்த்தால் அந்த வண்டியின் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் பயணம் முழுக்க ஒரே குழப்பம். பாய் காபி சொன்னால் மீன் குழம்பு வந்தது. இட்லி சொன்ன இடத்தில் பாற்சோற்றைச் சதுரமாக வெட்டி வைத்து, மேலே சம்பல் என்று ஒரு காரத் துவையலும் வைத்தார்கள். காரமடைக்காரர்கள் அதை இலங்கை இட்லி என்றே நம்பிச் சாப்பிட்டார்கள். எங்கே போகிறோம், எப்போது போவோம் என்று யாருக்கும் தெரியவில்லை. பொறுப்பாளரான எனக்கும் தெரியவில்லை. ஆனால் யாரும் கோபப்படவில்லை. பாய் அத்தனை உறுதியாகப் பேசினார்.

ருக்குமணி அம்மா மட்டும் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும் என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று நினைத்தேன். பாய்க்கும் அதே கவலை. கழிப்பறை மாதிரி எதைப் பார்த்தாலும் அவராகவே டிரைவர் தோளைத் தட்டி வண்டியை நிறுத்திவிடுவார். ஒருமுறை தபால் ஆபீஸ் வாசலில் எல்லாம் நின்றோம்.

அனுராதபுரம் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபோது அந்த அம்மா வெகுநேரம் திரும்பவில்லை. பயந்துபோய்த் தேடிக்கொண்டு போனேன். தண்ணீர் பாட்டிலோடு பாயும் பின்னால் வந்தார். கட்டிடத்தின் பின்பக்கம் ஒரு மாமரத்தடியில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் ருக்குமணி அம்மா. திரையில் பல் முளைக்காத ஒரு குழந்தை.

எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார். "அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க கண்ணு" என்றார்.

பேத்தி. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், கூட வேலை செய்யும் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் தங்கமானவன். ஆனால் அவனுடைய தாத்தா இவர்கள் தோப்பில் தேங்காய் உரித்தவர், பாட்டி மட்டை பொறுக்கியவர். அன்றைக்குத் தோப்புக்காரர் வாயை மூடியவர்தான். மகள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. பேத்தி பிறந்ததையும் அவரிடம் சொல்லவில்லை.

"தெனமும் ரெண்டு வாட்டியாவது பாத்துப்போடோணும். இல்லீன்னா எனக்குச் சோறு எறங்காது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதர் எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லாமல் நின்றதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மதியம் இசுருமுனிய விகாரைக்கு வந்து சேர்ந்தோம். பெரிய பாறையைக் குடைந்த பழைய பௌத்தக் கோயில். பாறையின் காலடியில் ஒரு குளம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் கல் தரை தோசைக்கல்லாகச் சுட்டது. எல்லோரும் குதித்துக் குதித்து நடந்தோம். குளத்து ஓரப் பாறையில் யானைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால், அவை நிஜமாகவே இறங்கிக் குளிப்பதுபோல இருக்கும்.

வயதான பிக்கு ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். மெலிந்த உடம்பு, காவி அங்கி, சிரித்த முகம். பாய் அவரைக் கும்பிட்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிக்கு குளத்தைக் காட்டிப் பதில் சொன்னார்.

"யானையெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குதாம். இப்ப வெளிய வருமாம்."

"நெசமாலுமா?" என்றார் காரமடை அம்மா ஒருவர்.

"சாமியே சொல்லிப்போட்டாரு, அப்பறமென்ன?"

என் கூட்டம் முழுவதும் குளத்தங்கரையில் வரிசையாக உட்கார்ந்து, தண்ணீரிலிருந்து யானை வருவதற்காகக் காத்திருந்தது. எனக்கும் சந்தேகம் வந்து நானும் உட்கார்ந்தேன். ஒரு தவளை வந்தது. கொஞ்ச நேரத்தில் பிக்குவும் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் வந்து எங்களோடு குளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மேலே பாறையில் ஒரு மனிதன் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், பின்னால் ஒரு குதிரைத் தலை. "குதிரை விக்க வந்த ஆளுங்க. சந்தையில வெல படியல. அதான் மொகம் அப்படி இருக்குது" என்றார் பாய். தோப்புக்காரர் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா. கொப்பரை வெல எறங்குனா நானும் இப்படித்தான் ஒக்காந்திருப்பேன்" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

கடைசியாக, டிரைவரும் கூட வர, அங்கேயே இருக்கும் சிறிய அருங்காட்சியகத்துக்குள் போனோம். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற கல் இருக்கிறது. ஒரு வாலிபன், அவன் மடியோடு ஒட்டி உட்கார்ந்த ஒரு பெண். அவள் ஒரு விரலை லேசாக உயர்த்தியிருக்கிறாள். வேண்டாம் என்கிறாளா, இரு என்கிறாளா, தெரியாது. எத்தனையோ நூற்றாண்டுகள் போயும் அவள் முகத்தில் அந்தச் சிணுங்கல் அப்படியே இருக்கிறது. எங்கள் கூட்டம் வெட்கப்பட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. தோப்புக்காரர் மட்டும் கல்லின் எதிரே நின்றார்.

"யாருங்க இவங்க?"

பின்னாலேயே வந்த பிக்கு எங்களை நிறுத்திக் கையை நீட்டி நீட்டி நிறையப் பேசினார். பேசி முடித்ததும் எல்லோரும் பாயைப் பார்த்தோம். வழக்கமாக அவர் முடிக்கும் முன்பே தொடங்குகிற பாய் இப்போது வாயைத் திறக்கவில்லை. தோப்புக்காரரைப் பார்த்தார், பிறகு ருக்குமணி அம்மாவைப் பார்த்தார்.

"அவன் ராசா மகனாமுங்க" என்று மெதுவாகத் தொடங்கினார். "அந்தப் புள்ள, அவிக ஊட்டுல வேல செஞ்ச சனத்தோட புள்ள. ராசா ஒத்துக்கல. பையன் அரமனையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்னு அந்தப் புள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டானாம்."

தோப்புக்காரர் கல்லை விட்டுப் பாயின் பக்கம் திரும்பினார்.

"அப்பறம்?" என்றார் தோப்புக்காரர்.

"அப்பறம் ராசா கொஞ்ச காலம் மொரண்டு பிடிச்சாராம். ஒரு நா, தேரு இல்லாம, ஆளு இல்லாம, தனியா நடந்து அவிக ஊட்டு வாசல்ல போயி நின்னாராம். நின்னு, 'சோறு இருக்குதா சாமி'ன்னு கேட்டாராம்."

"ராசா சோறு கேப்பாரா?"

"பசிச்சாக் கேப்பாருங்க."

தோப்புக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "எத்தன காலங் கழிச்சுப் போனாருன்னு சாமிகிட்டக் கேளுங்க."

பாய் பிக்குவிடம் திரும்பி, கையை வாசல் பக்கம் வீசி ஏதோ கேட்டார். பிக்கு கவலையோடு வாசல் பக்கம் விரலை நீட்டி, தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார்.

"ரொம்ப லேட்டாப் போனாராமுங்க" என்றார் பாய். "கொழந்த நடக்குற வரைக்கும் பாக்காமப் போயிட்டமேன்னு கடசி வரைக்கும் அவருக்கு அதே வருத்தமாம்."

தோப்புக்காரர் வெளியே போய்விட்டார். குளத்தங்கரையில் போய் உட்கார்ந்தார். மறுபடியும் யானைக்காகக் காத்திருக்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில், பின்னால் வந்து நின்ற மனைவியிடம் கையை மட்டும் நீட்டினார்.

"அம்மணி, அந்தப் போனைக் குடு."

"எந்தப் போனுங்க?" என்றார் ருக்குமணி அம்மா.

"தெனமும் பாத்ரூமுக்குக் கொண்டுட்டுப் போறயே, அந்தப் போனு."

அந்த அம்மாவே அழைத்துக் கொடுத்தார். எதிர்முனையில் "அம்மா" என்ற குரல் கேட்டது. தோப்புக்காரர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

"நாந்தான்" என்றார். "இங்க... இங்க கல்லுல யானையெல்லாம் இருக்குது."

பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்?

"வெளிய வரும்னாங்க. இன்னும் வரல" என்றார். பிறகு, "கொழந்த இருக்குதாமே? அது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கும் முன்பே போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்று குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. நாங்கள் எல்லோரும் அவசரமாக யானைகளைப் பார்த்தோம்.

வாசலுக்கு வந்தால் எங்கள் செருப்புகளில் பாதியைக் காணோம். மரத்தின் மேல் குரங்குகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னுடைய இடது கால் செருப்பு குட்டிக் குரங்கு ஒன்றிடம் இருந்தது.

வெறுங்காலோடு வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் டிரைவர் மெதுவாக, சுத்தமான தமிழில் சொன்னார்: "அதைத்தான் மிஸ் அந்த சாது அவ்வளவு நேரமும் சொன்னது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"கொழும்பில் தமிழ் முதலாளியின் கடையில்தான் முதலில் வேலை செய்தேன்."

"அப்புறம் ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே. அந்தப் பெரியவரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்."

பிக்கு சொன்னது இதுதானாம்: வாசலில் குரங்குகள் இருக்கின்றன, செருப்பைத் தூக்கிவிடும், யாராவது ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை சொன்னதும் அதேதான், இன்னும் கொஞ்சம் அவசரமாக.

"அப்படியானால் அந்த ராஜா மகன் கதை?"

"அது உண்மைக் கதைதான் மிஸ். சாலிய குமாரன், அசோகமாலா. எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கல்லில் இருப்பது அவர்கள்தான் என்று எங்கள் அம்மா சொல்வார். படித்தவர்கள் சிலர் போர்வீரனும் மனைவியும் என்கிறார்கள், சிலர் தெய்வங்கள் என்கிறார்கள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் ராஜா போய்ச் சோறு கேட்டது எனக்குத் தெரியாது" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பாயைப் பிடித்தேன். "அந்தக் கதை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? பெட்டி கொண்டுவந்த யாராவது சொன்னார்களா?"

"என்னங்க கேக்கறீங்க? சாமி சொன்னாரு, நான் சொன்னேன்."

"சாமி குரங்கைப் பற்றித்தான் சொன்னார்."

பாய் கையில் இருந்த அப்பத்தைத் தட்டில் வைத்தார். துளிகூட அசடு வழியவில்லை. "ஏனுங்க அம்மணி, ஒரு பையனும் புள்ளயும் கல்லுக்குள்ள போயி இவ்வளவு ஒட்டி ஒக்காந்திருக்காங்க. அவிக ஊட்டுல ஒத்துக்கலேன்னு இதுக்கு மேல யாராச்சும் வந்து சொல்லோணுமா?"

சாலிய குமாரன் கதை இவருக்குத் தெரியுமா, தெரியாமலேயே பொருந்திவிட்டதா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் தோப்புக்காரர் டவுன்ஹாலுக்கு வந்து நேராக மாடிப்படிக்குக் கீழே போனார். "சரவணம்பட்டி போறனுங்க பாய். எனக்குப் பேச வராது. நீங்க கூட வாங்க." பாய் கடையைப் பூட்டினார். நடுவில் ஏதாவது ஆகிவிடப் போகிறது என்ற பயத்தில் நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

நான்காவது மாடி வீடு. கதவைத் திறந்த மகள் அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றாள். முன்னாலேயே வந்திருந்த ருக்குமணி அம்மா உள்ளேயிருந்து குழந்தையோடு வந்தார். மாப்பிள்ளை நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, தான் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் சுவரோரமாக நின்றான். தோப்புக்காரர் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம். நடுவில் பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றார் தோப்புக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாய் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, மாமா என்ன சொல்றாருன்னா, மனசுல ஒண்ணும் வச்சுக்காத, தப்பு எம்பேர்லதான்னு சொல்றாரு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தோப்புக்காரர் விருட்டென்று நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் வாயை மூடிக்கொண்டு, ஒருமுறை தலையை மட்டும் ஆட்டினார்.

மாப்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. "பரவால்லீங்க, நல்லாப் போகுதுங்க" என்றான்.

பாய் தோப்புக்காரர் பக்கம் திரும்பினார். "சாப்புட்டுட்டுத்தான் போகோணுமாம்."

மகள் அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் தமிழ்தான். இருந்தாலும் அன்று சாப்பாடு முடியும்வரை அந்த ஸ்டூலிலிருந்து பாயை யாரும் எழுந்திருக்க விடவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் எத்தனையோ ஊர்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறது. இப்போதெல்லாம் முறையாகப் படித்த வழிகாட்டிகள் வருகிறார்கள், எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார்கள். பாயை நாங்கள் மறுபடி எங்கும் அனுப்பவில்லை. அனுப்பவும் முடியாது. ஆனாலும் வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டியது தொண்டையில் வந்து நின்றுவிட்டால், நன்றாகவே இருக்கிற என் கைப்பையை எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படிக்குக் கீழே போய் நிற்கிறேன். அவர் ஜிப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்க்கிறார், பையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொள்கிறார், பிறகு ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு டீ சொல்கிறார்.